கையுறை எழுந்து நின்றது

பெத்தெஸ்தாவில் அக்டோபர் வந்துவிட்டால்
மழைக்கு வேறு ஊரே தெரியாது.
கொட்டகைத் தகரத்தில் அது விழுந்துகொண்டிருக்க
நான் மல்லாந்து கிடக்கிறேன்
அறுபத்து நான்காம் வருடத்து மாரிஸ் மைனருக்கு அடியில்.
முகத்துக்கு ஒரு சாண் மேலே
அடுத்த துளி தயாராகிக்கொண்டிருக்கிறது.

மூன்று முறை கேஸ்கட் மாற்றிவிட்டேன்.
முதலில் தக்கை. பிறகு ரப்பர்.
பிறகு ரப்பரும், அதன்மேல் சிவப்புப் பசையும்,
அதற்கும் மேல் சில கெட்ட வார்த்தைகளும்.
எங்கே அடைத்தாலும்
அடைக்காத இடம் ஆயிலுக்குத் தெரிந்திருந்தது.

எதிர்வீட்டு எம்ரிஸ்
பொதுப்பாதையில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு
ஒவ்வொரு கறைக்கும் பேனாவால் வட்டமிட்டுத்
தேதி எழுதுகிறார்.
கற்பலகைச் சுரங்கத்தில் கணக்கெழுதிய கை.
"செவ்வாய், பதினொன்று" என்பார்
காலை வணக்கத்துக்குப் பதிலாக.

மூச்சுக் குழாய்மேல் முதலில் சந்தேகப்பட்டேன்.
ரப்பர் நைந்து, உள்ளே ஒட்டிக்கிடந்தது.
கெத்தின் தூங்கும்போது மாட்டிக்கொள்ளும்
காற்று இயந்திரத்தின் பழைய குழாய்
மாடி அலமாரியில் இருந்தது. கேட்காமல் எடுத்தேன்.
கேட்டிருக்கலாம்.
அந்த அறையில் நான் தூங்கிப் பதினான்கு மாதம்.
நாலே நாளில் அது
ரத்தம் குடித்த அட்டைபோல் உப்பிக்
கழன்று விழுந்தது.

நேற்றுத்தான் தோன்றியது:
ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து
பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறையை மாட்டிச்
சாவியைத் திருகினேன்.
முதலில் கட்டைவிரல். பிறகு மற்றவை.
என்ஜினுக்குள்ளிருந்து யாரோ
"டீச்சர், எனக்குத் தெரியும்" என்று
கை தூக்குவதுபோல.

ஆயில் தானாக ஒழுகவில்லை.
வாசல் அடைபட்ட மூச்சு
கிடைத்த இடுக்கிலெல்லாம் அதைத் தள்ளியிருக்கிறது.
நானோ இடுக்குகளை அடைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கவாட்டு மூடியில் இரண்டே போல்ட்.
அதோடு ஒட்டிய தகர டப்பா.
ஆட்டினேன், சத்தமில்லை.
உள்ளே கம்பிவலை இருக்கவேண்டிய இடத்தில்
அறுபது வருடக் கறுப்புக் களி.
ஐஸ்கிரீம் டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி
ராத்திரி முழுக்க ஊறவைத்தேன்.
காலையில் வலை நூல் நூலாக வந்தது.
அந்த இடத்துக்குச் சமையலறையின் எவர்சில்வர் நாரைப்
பிய்த்து அடைத்தேன்.

"நார் எங்கே?"
கரி பிடித்த தட்டோடு கெத்தின் வாசலில்.
டப்பாவை நீட்டினேன். "ஊதிப் பார்."

சட்டைக் கையால் துடைத்துவிட்டு ஊதினான்.
எங்கோ ஒரு சீட்டி, மிக மெலிதாக.
நான் சோப்புத் தண்ணீர் தேடும்போது
அவன் கன்னத்தை நாக்கு விரலால் நனைத்துக்கொண்டு
அடிப்பக்கத்தை என்னை ஊதச் சொல்லி
டப்பாவை மெல்லச் சுற்றினான்.
"இங்கே. மடிப்பில்."
குண்டூசி முனை அளவு துரு ஓட்டை.

எப்படித் தெரியும் என்றேன்.
"மாஸ்க் சரியாக உட்காராத ராத்திரிகளில்
இப்படித்தான் தேடுவேன்" என்றான்.
"பெரும்பாலும் மூக்கின் இடப்பக்கம்."

எத்தனை ராத்திரிகள் என்று நான் கேட்கவில்லை.
அவன் டார்ச் பிடித்தான்,
நான் ஈயம் பற்றவைத்தேன்.
ஈயம் கண்ணாடிபோல் ஓடி
ஓட்டையில் உட்காரும் அந்த நொடியில்
இரண்டு பேருமே மூச்சை அடக்கியிருந்தோம்.

டிராக்டர் கடையிலிருந்து புதுக் குழாய், இரண்டு கிளிப்.
மறுபடி கையுறை, மறுபடி சாவி.
விரல்கள் லேசாக நடுங்கின,
எழவில்லை.
தூக்கத்தில் படுக்கைக்கு வெளியே தொங்கும் கைபோல்
கிடந்தது மஞ்சள்.

எட்டு நாள் அட்டை வெள்ளை.
எம்ரிஸ் மூன்று முறை வந்து
குனிந்து பார்த்துவிட்டுப் போனார்,
கடன் வாங்கியவன் ஊரைவிட்டு ஓடியதுபோல.
ஒன்பதாம் நாள் ஒரு துளி.
ஒன்றே ஒன்று, பட்டாணி அளவு.
சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து
இதுவரை போட்டதிலேயே அழகான வட்டம் போட்டார்.
"வியாழன்" என்றார். "நல்லது.
சொட்டாத மாரிஸில் ஆயிலே இருக்காது."

தட்டு இன்னும் தொட்டியில் ஊறுகிறது.
நார் வாங்க மறந்துவிட்டோம்.