பிடித்தம்

முந்தின தையில்
வாலாஜாப்பேட்டைக் கிடங்கில்
துணியை விரித்துப் போட்டு
குனிந்து குனிந்து வந்த துபாஷி கோனேரி
ஏழாம் முழத்தில் நின்றார்.
"இன்னாது இது?"

நீலக் குருவியின் மார்பில்
கடுகத்தனை வெள்ளை.

மெழுகு ஐயா, சிந்திவிட்டது.

அரைப் பணம் பிடித்தம் என்று எழுதிக்கொண்டார்.
சிவப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.
வன்னிவேட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் ஆகுமென்று
வண்டி கட்டிக் கொண்டுவந்து
சாயவேர் போட்டு மூன்று முறை கொதித்த சிவப்பு.
பாலாற்று மணலில் விரித்து,
ஆட்டுப் புழுக்கை கரைத்துத் தெளித்துத் தெளித்து
வெயில் கொடுத்த வெள்ளையைப் பற்றியும்.
கடுகுதான் கண்ணில் பட்டது.

மறு ஆடியில்
சென்னப்பட்டணத்துக் கப்பல் கொண்டுவந்த தாளில்
அதே குருவி.
காலை மட்டும் கொஞ்சம் நீட்டியிருந்தார்கள்.
மார்பில், அளவு குறித்து, மையால் வட்டமிட்டு,
கடுகத்தனை வெள்ளை.
நாற்பது உருப்படி.
ஒன்றிலும் அது விட்டுப்போகக் கூடாது.

"அதுக்கு ஏதோ அர்த்தம் இருக்குதாம்" என்றார் கோனேரி
என் முகத்தைப் பார்க்காமல்.

அப்போ அந்த அரைப் பணம்?

"அது போன வருஷத்துக் கணக்கு."

அர்த்தம் எனக்குத் தெரியும்.
மார்கழி. விளக்கு வைக்கிற நேரம்.
கம்பியில் சுற்றிய மயிர்ப்பந்து நிறைய மெழுகு.
குருவியைக் கை கடக்கும்போது
உள்ளேயிருந்து ஒரு உதை.
முதல் உதை.
கை ஆடியது. சிரித்தேன் என்று நினைவு.
சிந்தினதைப் பார்த்தது அப்புறம்தான்.

இப்போது
நாற்பது குருவி வரிசையாய்ப் படுத்திருக்கிறது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தால்
துளி உருண்டையாய் விழுகிறது, முட்டை மாதிரி.
தாளில் இருப்பதற்கோ ஒரு வால் உண்டு,
திடுக்கிட்டு ஓடினது போல.
பன்னிரண்டை வெந்நீரில் போட்டு
மெழுகெடுத்து மறுபடி காயவைத்தாயிற்று.
அவுரித் தாழிக்கார ரங்கப்பன்
வாசலில் இரண்டு தரம் கனைத்துவிட்டார்.
தாழி நாளைக்குத் தாங்காதாம்.

உதைத்தவள்
கடுக்காய் மூட்டையைப் பிடித்து நிற்கிறாள்,
வாயெல்லாம் மஞ்சள் கறை.
"ஏய் தேசம்மா, இங்க வா.
அம்மா முதுகுல ஒண்ணு வை."

புரியாமல் பார்க்கிறாள்.
பிறகு, வெகுநாள் பழகின வேலைபோல,
உட்கார்ந்து, காலைத் தூக்கி, ஓங்கி

துளி விழுந்தது.
மார்பில் இல்லை, கண்ணில்.
குருவி முழித்துக்கொண்டது.

ரங்கப்பன் மூன்றாம் தரம் கனைக்கிறார்.
எடுத்துட்டுப் போங்க, என்றேன்.