கொடியில் காய்வது

ஐப்பசி பிறந்ததும்
தவநேசன் சாந்தகப்பையைக் கழுவி,
எண்ணெய் பூசி,
சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார்.
மழைக்குள் யார் சுவர் எழுப்புவார்கள்?
தை வரைக்கும்
வந்தால் வேலை, வராவிட்டால் வானம்.

ஆகவே ஆடியிலிருந்தே நான் சேர்க்கத் தொடங்குவேன்.
எறும்பைப் பார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.
எறும்புக்குக் கறண்ட் பில் வருவதில்லை.

ஒரு தேங்காய் மூன்று நாள்.
முதற்பால் சொதிக்கு, இரண்டாம் பால் கறிக்கு,
மூன்றாவது வெறும் வெள்ளைத் தண்ணீர்,
அதுவும் கீரைக்குள் போகும்.
பிழிந்த பூவைச் செத்தல் மிளகாயோடு வறுத்து இடித்தால்
நாளைக்குச் சம்பல்.
எங்கள் வீட்டில் சாகும்போது
தேங்காய்க்கே தன் பெயர் மறந்திருக்கும்.

தேய்ந்த சவர்க்காரம்
புதுக்கட்டியின் முதுகில் ஏறிக்கொள்ளும்.
கொக்கறையும் பன்னாடையும்
மழைக்கு முன்னரே அடுப்படிக்கு வந்துவிடும்.
மிதுசாவின் பள்ளிச் சட்டையை மினுக்குவது மெத்தை;
அவள் இரவில் புரளாமல் கிடந்தால்
மடிப்பு நேராக விழும்.
மீற்றர் இருபத்தெட்டைத் தொட்டால்
கொப்பியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவாள்,
வெளிச்சம் இருக்கும் வரை கணக்குச் செய்ய.

கேட்பாள்தான்.
மினுங்கும் பென்சில், சுன்னாகத்துச் சந்தியில் ரோல்ஸ்,
குடையில் பூனைக்காது.
எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே பதில்:
"காசென்ன மரத்திலயா காய்க்குது?"

காசு இருந்தது மாப்பேணியில்.
அடுப்படிச் சுவருக்கும் கூரைக்கும் நடுவில்,
பல்லிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த இடத்தில்,
பதினெட்டாயிரத்து நானூறு.
என் காப்பு இரண்டும் அடகில்.
மார்கழிக்குள் மீட்காவிட்டால்
வட்டி காப்பைத் தின்றுவிடும்.

பேணிக்கு நேர்மேலே ஓர் ஓடு வெடித்திருந்தது.
வைகாசியிலேயே கண்டோம். மேசன் வீட்டு ஓடு.
"ஒரு ஓட்டுக்காக ஓட்டோ பிடிக்கேலாது,
அடுத்த மாசம் பாப்பம்" என்றார்.
எனக்கும் அது சரியான கணக்காகத்தான் பட்டது.
பேணியின் மூடியோ
சாம்பிராணித் தட்டாகி ஒரு வருஷம்.

முதல் பெருமழை ஏழாலைக்கு இரவில் வந்தது.
காலையில் பேணியை இறக்கினேன்.
உள்ளே தளம்பியது.

யாரும் பேசவில்லை.
மிதுசாதான் அடிமட்டத்தை எடுத்து வந்தாள்.
நாக்கை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு
ஈர அப்பளம் பிரிப்பதுபோல
ஒவ்வொரு தாளாய்ப் பிரித்தாள்.
அடுப்புக்கு மேலே கொடி கட்டினோம்.
வீட்டில் இருந்த கிளிப் ஒன்பது.
மிச்சத்துக்கு அவளுடைய தலைக் கிளிப்புகள்,
ஆயிரம் ரூபாய்க்குச் சிவப்பு வண்ணத்துப்பூச்சி.

அண்ணாந்து பார்த்து நின்றாள்.
"அம்மா, மரத்தில காய்க்கேல்லை.
கொடியில காயுது."

தவநேசன்தான் முதலில் சிரித்தார்.
நான் கோபமாக இருப்பதென்று தீர்மானித்திருந்தேன்;
கூடவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சீட்டுக்காசுக்குப்
புவனமலரக்கா வந்து வாசலில் நிற்கிறா.
போன கிழமைதான் அவவுக்குச் சொன்னேன்,
சதமும் இல்லை என்று.
கொடியைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.
"மழை இந்த முறை நல்லாப் பெய்யுது" என்றா.
ஆயிரம் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன்.
மணந்து பார்த்தா.
"புகை மணக்குது."
"செல்லும் அக்கா."

கணக்குக் கொப்பியில் அன்றைக்கு:
சீட்டு ஆயிரம்.
ஓடு ஒன்று, நூற்றுஅறுபது.
ஓட்டோ, முந்நூறு.

மழை விட்ட இடைவெளியில் ஏறி
ஓட்டை மாற்றியவர்
கூரையிலிருந்து கூப்பிட்டார்:
"இஞ்ச இன்னொண்டும் வெடிச்சுக் கிடக்கு."

உள்ளே போய் நேர்கீழே பார்த்தேன்.
பேணி இல்லை. காசு இல்லை. வெறும் நிலம்.
பெரிய சட்டியை இழுத்து வைத்தேன்.

"விடுங்கோ," என்றேன்,
"கிணத்தில அள்ளுற மூண்டு வாளி மிச்சம்."