மூன்று டீ

நைட் ஷிப்ட் முடிந்து
மில் வாசலில் சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது
இருவர் தலையிலும் பஞ்சு.
"மணிமுத்தாறு அருவி வரைக்கும் போவமா வே?"
மைதீன் பிச்சை என் வாயையே பார்த்தான்.
இருபத்திரண்டு வருஷம் ஸ்பின்னிங்கில் நின்றவன்.
காது போன பிறகும்
உள்ளே கதிர் சுற்றுவது மட்டும் நிற்கவில்லை என்பான்.
நான் மலையைக் காட்டி
தலையில் தண்ணீர் ஊற்றுவதுபோல் கையைக் கவிழ்த்தேன்.
உடனே டயரை அமுக்கிப் பார்த்தான்.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து அம்பை வரை
ஆடிக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது.
திரும்பி வரும்போது
இதே கை நெஞ்சில் இருக்கும் என்பதை
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஆற்றுப் பாலத்தில் என் செயின் கழன்றது.
வேப்பங்குச்சியால் அவன் அதைப் பல்லில் ஏற்றும்வரை
கீழே மருத மரங்களுக்கு நடுவே
தாமிரபரணி போய்க்கொண்டே இருந்தது.
இந்தத் தண்ணீர் போதாதா என்று
எனக்குத் தோன்றியது.
அவன் கிரீஸ் கையை என் கைலியில் துடைத்துவிட்டு
முன்னால் ஏறிப் போய்விட்டான்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பள மாவு வாசம்.
அயன் சிங்கம்பட்டியில்
வாழைத்தார் ஏற்றிய லாரிக்கு
வயலோரம் ஒதுங்கி நின்றோம்.
அது அடித்த ஹாரனுக்கு
நாரைகள் எழுந்தன,
மைதீன் பிச்சை கொட்டாவி விட்டான்.

செக்போஸ்ட்டில் தளவாய்,
மழைக்கோட்டுக்குள் பாதி ஆள்.
பக்கத்தில் பிடுங்கிப் போட்ட ஷாம்பு பாக்கெட்டுகள்
ஒரு சாக்கு நிறைய.
பலகையில் சாக்பீஸ்:
இன்று குளிக்கத் தடை.
"மேல ரெண்டு நாளா மழை.
பாறைய மூடிக்கிட்டு ஓடுது.
நேத்து கைப்பிடிக் கம்பியே போச்சு.
வேணும்னா இங்கன நின்னு கேட்டுட்டுப் போங்க."

நான் கேட்டேன்.
மரங்களுக்குப் பின்னால் எங்கோ
ஒரு ஷெட் நிறைய மெஷின்
ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.
சத்தியமாக அப்படித்தான் இருந்தது.
"எப்படி இருக்கு?" என்று புருவத்தால் கேட்டான்.
எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.
பலகையைக் காட்டினேன்.

அணைக்குக் கீழே, பெருங்கால் தலைப்பில்
ஷட்டரைத் தூக்கியிருந்தார்கள்.
மலையில் விழுந்த தண்ணீர்
எங்களுக்கு முன்பே வந்து
கலங்கிய டீ நிறத்தில் குதித்துக்கொண்டிருந்தது.
சைக்கிளைச் சாய்த்துவிட்டு
அவன் இரும்புக் கிராதியில் உள்ளங்கையை வைத்தான்.
எடுத்தான். மறுபடி வைத்தான்.
பிறகு குனிந்து
தாடையையே அதன்மேல் வைத்துவிட்டான்.

மேய்க்க வந்த பையன் ஒருவன்
ஆட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தான்.

"வருது வே" என்றான் மைதீன் பிச்சை,
தன் குரலின் அளவு தெரியாமல்.
அக்கரைக் கொக்கு பறந்தது.
"ஒண்ணு இல்ல, மூணு.
அடியில ஒண்ணு உருளுது.
நடுவுல ஒண்ணு சீவுது.
மூணாவது...
மூணாவதுக்குப் பேரு தெரியல."

நானும் தாடையை வைத்தேன்.
பல்லில் குளிர், நாக்கில் துரு.
எனக்குக் கேட்டது ஒன்றே ஒன்று.
அதுவும் மில்.

படித்துறைப் பக்கம் தண்ணீர் அடங்கிய இடத்தில்
முங்கி எழுந்தோம்.
சோப்பு தளவாயிடம் இருந்தது.
அவன் தலையிலிருந்து ஒரு பஞ்சுத் துணுக்கு
சுழன்று சுழன்று
ஏதோ ஒரு நெல் வயலுக்குப் புறப்பட்டது.

திரும்பும் வழியெல்லாம் எதிர்க்காற்று.
அவன் முன்னால், நான் பின்னால்.
ஒரு வளைவில் மணி அடித்தேன், பழக்கதோஷம்.

கல்லிடைக்குறிச்சி டீக்கடையில்
ஈரத் தலையோடு உட்கார்ந்து
கடைக்காரரிடம் அவன் அதைச் சொல்லத் தொடங்கினான்.
முதலில் மூன்று விரலைக் காட்டினான்.
அவர் மூன்று டீ போட்டுவிட்டார்.

இரண்டைக் குடித்தோம்.
பெஞ்சில் எங்களுக்கு நடுவே
மூன்றாவது,
காற்றில் ஆடை படிந்துகொண்டு.