ஒரு கிலோ சீனி

புளியரைச் சோதனைச் சாவடியில்
பதினோரு மாதம்
இடது கையால்தான் லாரிகளை நிறுத்தினேன்.
கொல்லத்திலிருந்து வரும் டிரைவர்கள்
நான் வணக்கம் வைப்பதாக நினைத்துத்
திருப்பி வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள்.
கோழி வண்டிச் சக்கரத்துக்கு மருந்தடிக்கும் பையன்
டப்பாவைத் தூக்கிக்கொண்டு
பின்னாலேயே ஓடுவான்.

வலது தோளைத்
தேன்பொத்தையில் ஓர் எருமையிடம் கொடுத்தேன்.
கன்று குறுக்கே கிடந்தது.
தோள்வரை உள்ளே விட்டுக்
குளம்பைத் தேடி,
பிடித்தும்விட்டேன்.
அந்த நேரம் பார்த்து
உட்காரலாம் என்று அதற்குத் தோன்றியது.
பச்சை மட்டையை முறிக்கிற சத்தம்.
கன்று பிழைத்தது. கிடேரி.
என் பெயரைத்தான் வைத்திருக்கிறார்களாம்.
“ஏ மரகதவல்லி, தள்ளி நில்லுட்டீ.”

புனலூரில் லிஜி
சுவரில் அங்குல நாடாவை ஒட்டி
விரல்களை எறும்பாய் ஏறவிடச் சொன்னாள்.
ஒந்நு, ரண்டு, மூந்நு.
மலையாளத்தில் எண்ணும்போது
வலி கொஞ்சம்
அடுத்த வீட்டு வலி போல இருந்தது.

வீட்டில்
ஒரு கிலோ சீனியைத் துணிப்பையில் போட்டுக்
குனிந்து நின்று ஆட்ட வேண்டும்.
முன்னும் பின்னும் இருபது, வட்டமாய் இருபது.
ஆட்டி முடித்த சீனியில்தான் காப்பி.
தலை பின்னிவிடக் கணவர் பழகிக்கொண்டார்.
கோணல்மாணலான பின்னல்.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்
முடியை வெட்டிக்கொண்டு வந்தேன்.

ராக்கெட் முந்நூறு கிராம்.
சீனியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.
அதைத் தூக்க
இன்னும் நாற்பது நாள் ஆனது.

செங்கோட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால்
நாலு பேர் காசு போட்டு
உயிரோடு வைத்திருக்கும் மண் கோர்ட்.
ஆனிக் கடைசி.
ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல்
எந்தப் பெர்மிட்டும் இல்லாமல்
எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தது.

வலைக்கு அந்தப் பக்கம் செய்யது மசூது.
கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிப்பது போல
பந்து போட்டார்.
போன வருஷம்
என் முழங்காலைக் குறிவைத்து அடித்த அதே மனிதர்.
ஆறாவது பந்தில் கத்திவிட்டேன்:
“பாய், நான் சீக்காளி இல்ல.”
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டார்.
அடுத்த பந்து காதோரம் விர்ரென்று போனது.
அப்பாடா.

பிறகு, என் செர்வ்.
இடது கை பந்தைத் தூக்கிப் போட்டது.
கணவாய்க் காற்று அதை ஒரு முழம் நகர்த்தியது.
வலது கை காதுக்கு மேலே போய்
அங்கேயே நின்றது,
மாடியேறிய பிறகு
எதற்கு வந்தோம் என்று மறந்த ஆளைப் போல.
பந்து காலடியில் விழுந்தது.
இன்னொரு முறை போட்டேன்.
இன்னொரு முறை.
ஒவ்வொரு முறையும்
எருமை உட்கார்ந்தது.

அதற்கப்புறம்
இடுப்புக்குக் கீழிருந்து ஒரு தட்டு,
பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற மாதிரி.
பந்து வலையைத் தாண்டியதும்
ஈர மண்ணில் படுத்துக்கொண்டது.
எழுந்திருக்கவே இல்லை.
மசூது பாய் ஓடி வந்து,
சறுக்கி,
அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.
“என்ன டாக்டர், இது போங்கால்ல இருக்கு.”
பதினைந்து, பூஜ்யம்.

அந்த ஒரு பாயிண்ட்தான்.
ஆறு கேமும் அவருக்கே.

அவர் பைக்கை எடுக்கப் போன பிறகு
தனியாக நின்று,
பந்தில்லாமல்,
கையை மேலே கொண்டுபோய்
முழுசாக ஒரு வீச்சு வீசினேன்.
ஒந்நு.
உள்ளே எதுவோ டக்கென்றது, ஆனால் முறியவில்லை.
ரண்டு.
மூந்நு சொல்வதற்குள் மழை வலுத்துவிட்டது.
ராக்கெட்டை மழைக்கோட்டுக்குள் திணித்துக்கொண்டு
ஓடினேன்.

வீட்டில் சீனி தீர்ந்திருந்தது.