இரண்டு மணி மாதிரி

புழல் ஏரியில் நான் மாதிரி எடுப்பவள்.
எது மாதிரி என்று கேட்டுவிடாதீர்கள்,
பன்னிரண்டு வருடமாக அதே ஜோக்.
மூன்று மணிக்கு ஒருமுறை, ஐந்து ஆழங்களில்
வலையை இறக்கி, மூடி, இழுத்து,
பாட்டிலில் ஊற்றி, சீட்டில் நேரம் எழுதி ஒட்டுவேன்.

துடுப்பு தேசப்பனுடையது.
மோட்டார் வேண்டாம், அதுங்க கலைஞ்சிடும் என்றேன் முதல் நாள்.
"எதுங்க மேடம்?"
பாட்டிலுக்குப் பின்னால் டார்ச் அடித்துக் காட்டினேன்.
தூசு.
தூசு நகர்ந்தது.
தூசுக்குக் கண் இருந்தது, ஒன்றே ஒன்று,
கறுப்பாய், நடுங்கிக்கொண்டு.
"இன்னா இது, கொசு குட்டியா?"
நீர்த்தெள்ளு என்றேன்.
"என்னைப் பாக்குதே."

பகலில் கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவோம்.
ஏழாவது அடியில் தட்டு காணாமல் போகும்.
அதற்கும் கீழே, மீனின் கண்ணுக்கு எட்டாத சேற்றோரம்,
தெள்ளுகள் பகலைக் கழிக்கின்றன.
அங்கே குளிர். தின்ன ஒன்றுமில்லை. உயிர் மிஞ்சும், அவ்வளவுதான்.
சோறெல்லாம் மேலே,
வெயில் குடித்துப் பச்சையான பாசி.
மீன் காத்திருப்பதும் மேலேதான்.

பம்மதுகுளம் பக்கம் சூரியன் சாயும்போது
அவை கிளம்புகின்றன.
இருட்டுக்காகக் காத்திருப்பதில்லை;
எவ்வளவு வேகமாக இருட்டுகிறது என்பதுதான் அவற்றுக்கு மணி.
ஒன்றரை மில்லிமீட்டர் உடம்பு, ஆறு மீட்டர் ஏற்றம்.
என் உயரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
ராத்திரி சாப்பாட்டுக்கு மூலக்கடை வரை நடந்து போய்
விடிவதற்குள் திரும்ப வேண்டும்.
தினமும். செங்குத்தாக.

ஆனால் இந்தக் கரையில் ஜெயில் இருக்கிறது.
கோபுர விளக்குகள் தண்ணீரின் மேல்
நீளநீளமாய்ப் படுத்திருக்கும்.
தப்பி ஓடுபவனுக்காகப் போட்ட வெளிச்சம்
தெள்ளுகளை மூன்றாவது மீட்டரிலேயே நிறுத்திவிடுகிறது.
பசியோடு அங்கேயே மிதக்கும்,
மேலே அமாவாசையாக இருந்தாலும்.

அன்று ராத்திரி ஒன்று பத்துக்கு
டிரான்ஸ்பார்மர் வெடித்த சத்தம்.
ஜி.என்.டி. ரோடு வரைக்கும் எல்லாம் போனது.
"கரண்ட் பூட்ச்சி மேடம்."
ஜெனரேட்டர் வருமென்று பார்த்தோம், வரவில்லை.
எனக்குத் தெரியாத நட்சத்திரங்கள் இருந்தன.
மதிலுக்கு உள்ளே விசில், ஓட்டம்,
பிறகு ஒரு குரல் எண்ணத் தொடங்கியது,
ஒன்று, இரண்டு, மூன்று.

நானும் எண்ணுகிற ஆள்தான்.
இரண்டு மணிக்கு வலையை இழுத்தபோது
கை கனம் உணர்ந்தது. அல்லது உணர்ந்ததாக நினைத்தேன்.
முதல் மீட்டரில் வழக்கமாக லிட்டருக்கு நாற்பது.
அன்று முந்நூற்றுப் பன்னிரண்டு.
கால் மணி, அரை மணி இருட்டுக்கே
ஏறி வந்திருக்கின்றன,
எங்கள் படகுக்கு அடியில்
ஒரு சத்தமும் இல்லாமல்.

தேசப்பன் தண்ணீரைப் பார்க்கவில்லை.
துடுப்பை மடியில் வைத்து மதிலையே பார்த்திருந்தார்.
"தம்பி உள்ள கீறான். கேஸே நடக்கல, பதினாலு மாசம்."
இத்தனை நாள் சொல்லாதவர்.
"ராவெல்லாம் லைட்டே அணைக்க மாட்டாங்களாம்.
கண்ணு மேல துண்டு போட்டுக்கினு படுப்பானாம்.
இப்ப தூங்கியிருப்பான்."

இரண்டு இருபதுக்கு விளக்குகள் வந்தன.
அட்டவணையில் இல்லாத ஒரு மாதிரியை
மூன்று மணிக்கு எடுத்தேன்: ஐம்பத்தொன்று.

அதிகாரி அந்த முந்நூற்றுப் பன்னிரண்டைச்
சிவப்பில் சுழித்து, பிழை மாதிரி என்று எழுதினார்.
பிழை மாதிரிதான் தெரிகிறது, சார், என்றேன்.
குறிப்புக் கட்டத்தில் என் எழுத்து அப்படியே இருக்கிறது:
மின்தடை, எழுபது நிமிடம்.
காற்று இல்லை.
ஒருவர் தூங்கியிருக்கக்கூடும்.