டோக்கன் இல்லாத நாள்

திங்கள் புதன் சனி விசைப்படகுக்கு டோக்கன்.
அதனால் செவ்வாயும் வியாழனும் ராத்திரி
அம்மா நம்புராசு அண்ணன் பொறுப்பு.
வெள்ளி சாயங்காலம் ராமநாதபுரத்திலிருந்து
பூமயில் அக்கா வருவாள்,
ஞாயிறு மத்தியானம் வரை.
மிச்சம் எனக்கு.
மிச்சம் என்றுதான் பேசி முடித்தோம்,
எத்தனை நாள் என்று யாரும் எண்ணவில்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று
ஃபிரிட்ஜ் கைப்பிடியில் நைலான் நரம்பில் தொங்குகிறது.
அக்கா கையெழுத்து பேங்க் செலான் மாதிரி:
‘7.10 இட்லி ஒன்றரை. 9.00 வெள்ளை மாத்திரை. வயிறு போகவில்லை.’
அண்ணன் எழுதுவது எப்போதும் ஒரே சொல்:
‘தூங்குச்சு.’
நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்.
டயப்பர் தீர்ந்தால் ஒரு வட்டம் போடுவேன்.

விடியுமுன் எழுந்துவிடுவாள்.
பழைய வேட்டியோ தலையணை உறையோ
பல்லால் கடித்துக் கிழித்து
பத்து விரலுக்கும் சுற்றுவாள்.
பெயர் கேட்டால் சிரிக்கிறவள்,
சோற்றைக் கன்னத்தில் அதக்கி
விழுங்க மறக்கிறவள்,
சுற்றுவதில் மட்டும் ஒரு சுற்றும் தப்பாது.
கணுவுக்கு மேல் இரண்டு, நுனியில் மூன்று,
கட்டைவிரலுக்குத் தனி முடிச்சு.
“வத்தம் விழுந்துருச்சு, எந்திரிங்கடி.
பாரஸ்ட்டுக்காரன் வர்றதுக்குள்ள தீவுப்பக்கம் போயிருவோம்.”

உள்பக்கம் பூட்டு போட்டது அக்கா யோசனை.
போன ஆடியில் முழங்கால் தண்ணீரில் நின்றவளை
ஐஸ் வண்டிப் பையன் கைபிடித்துக் கூட்டிவந்தான்.
அன்று மூன்று பேரும் போனில் சண்டை.
யாருக்கு லீவு இல்லை, யார் எப்போது தூங்கினார்கள்,
தோடு யார் கல்யாணத்துக்குப் போனது,
எல்லாம் வந்தது.
அம்மா ஸ்பீக்கரைப் பார்த்து
“யாரு வீட்டுலப்பா இப்படிக் கத்துறாக” என்றாள்.

போன வியாழன்,
டாக்டர் எடை பார்க்கச் சொன்னதற்காக
மீன் கம்பெனித் தராசை இரவல் வாங்கி
சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான் அண்ணன்.
தராசைக் கண்டதும் அம்மா நிமிர்ந்தாள்.
“யாவாரி, ஈரத்தைக் கழிக்கிறேன்னு
போன தடவையே ரெண்டு கிலோ அடிச்சுட்ட.”
அண்ணன் என்னைப் பார்த்தான்.
நான் அடுப்பைப் பார்த்தேன்.
“இது மரிக்கொழுந்துப் பாசி.
கட்டக்கோரை வெலைக்குக் கேக்காத.”
டீசல் புகையில் கரகரத்த தொண்டையை
எப்படியோ தணித்து
“சரித்தா, ஒன் வெலையே போட்டுக்கலாம்” என்றான்.
சட்டைப்பையிலிருந்து மூன்று நூறு ரூபாய்.

ஒன்றை நாலாக மடித்தாள்: “பெரியவளுக்குப் பீசு.”
இன்னொன்று: “பயலுக்கு டவுசர்.”
மூன்றாவதை வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தாள்,
வெகுநேரம்.
“சின்னவளுக்கு எதுக்கு?
அவ எங்கூடப் பாசிக்கு வரட்டும்.”
இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அண்ணன் வாயெடுத்தான்.
நல்லவேளை, குக்கர் விசில் அடித்தது.

ஒன்பது வயதில் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை.
இனி பள்ளிக்கூடம் இல்லை என்று மட்டும் தெரிந்தது.
கண்ணாடி மாட்டிக் கடலுக்குள் பார்த்ததில்
பொய் சொல்வானேன், சந்தோஷம்தான்.
மிச்சம் என்பது
அன்றைக்கே பேசி முடித்தது போல.

அன்று நோட்டில் அண்ணன் எழுதியிருந்தான்:
‘எடை 38.4.’
கீழே, எழுதி அடித்துத் திரும்ப எழுதி:
‘ஞாயிறு ராத்திரியும் இனி நான்.’
அதற்கு ஒரு வட்டம் போட்டேன்.
எனக்குத் தெரிந்தது அதுதானே.

இன்று திங்கள், நாலரை மணி.
டீசல் பிடிக்க அண்ணன் போய்விட்டான்.
உள்ளே துணி கிழிகிற சத்தம்.
தன் பத்து விரலும் முடிந்ததும்
என் கையை இழுத்து மடியில் வைத்தாள்.
கணுவுக்கு மேல் இரண்டு, நுனியில் மூன்று.
“கல்லு வெட்டும்டி, அசையாத.”
இறுக்கித்தான் கட்டினாள்.
நுனி வெளுத்து மரத்துப்போனது.

அந்தக் கட்டோடேயே கஞ்சி வைத்தேன்.
தீப்பெட்டி உரசத்தான்
கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.