மூன்றடிக்கு ஒன்று

முப்பதடி எல்லைக்குப் பதினொரு கன்று போதும் என்றார்
நர்சரி லியோங்.
மூன்றடிக்கு ஒன்று. காத்து போகணும், தங்கச்சி.
அடியில வெயில் படலன்னா முடி கொட்டிடும்.

இடைவெளி எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
பகாவ் பக்கம் ஆறு வருடம்
செம்பனைக்கு முளைக்குச்சி அடித்தவள் நான்.
இருபத்தொன்பதடி, முக்கோணம்.
கயிறு ஒரு சாண் பிசகினால்
மண்டோர் வாய் சம்பளத் தேதி வரை மூடாது.

ஆனால் அன்றைக்குக் கோபம்.
தவமலர் வீட்டுக் கோழிகள் மூன்றாம் தடவை
என் அரைக்கீரைப் பாத்தியைக் கிளறிப் போட்டிருந்தன.
கேட்டால்,
"கோழிக்கு கிராண்ட் படிக்கத் தெரியுமாக்கா?" என்கிறாள்.

முப்பத்தொரு காகிதப்பூக் குச்சி.
அடிக்கு ஒன்று.
பென்சில் பருமன், நுனி சாய்த்து வெட்டி,
இரண்டு கணு மண்ணுக்குள்.
குத்தக் குத்த
அவள் பேசியதற்கு ஒவ்வொன்றாகப்
பதில் சொன்ன மாதிரி இருந்தது.

மழை விடவில்லை.
இலை, இலை, முள்.
தாகம் எடுத்தால்தான் பூக்குமாம் இந்தச் சாதி,
இந்த ஊரில் அதற்கு ஏது தாகம்.
உள்பக்கம் ஒன்றின் மூச்சை ஒன்று குடித்து
நடுவில் பல செத்தன.
எத்தனை மிச்சம் என்று எண்ணவில்லை,
லியோங் ஜெயித்துவிடுவார்.

போன வாரம்
அந்திக்கு அந்தப் பக்கம் "பா... பா..." என்ற குரல்,
இரண்டு நாள்.
மூன்றாம் நாள் கிளை கழிக்கப் பாராங்கை ஓங்கினேன்.
செத்த தண்டுகளுக்கு நடுவே
சிவப்பாய் ஒரு கண்.

வாய்க்காலிலிருந்து ஏறி வந்த உடும்பு
வேலியை ஒரு நீளம் முகர்ந்து,
மூக்கில் ஒரு கீறலோடு திரும்பிப் போனதையும்
அங்கேயே நின்று பார்த்தேன்.

"தவமலரு."
ஐந்து மாதம் கழித்து அந்தப் பேர்
என் வாயில் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.

டார்ச்சோடு வந்தாள்.
அந்தப் பக்கம் அவள் குப்புற, இந்தப் பக்கம் நான்.
வெளிச்சம் முள்ளில் உடைந்து உடைந்து
என் கையில் விழுந்தது.
"எத்தனை முட்டைக்கா?"
"தெரியல. கைய விடாத, கிழிச்சிடும்."
"உங்க பக்கமா, எங்க பக்கமா?"

கோழி
இருவரையும் ஒரே மாதிரி முறைத்தது.

பாராங்கைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டேன்.
அடர்ந்ததை இனிக் கழிக்கத்தான் வேண்டும்,
லியோங் கணக்குக்கே வரட்டும்.
இருபத்தொரு நாள் போகட்டும் முதலில்.